கோர்ட்டுப் பொருள்

இந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கோ அம்மிணி, உனக்குப் புண்ணியமாப் போகும். காலையில இருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போச்சு. எங்கேயா? கோர்ட்டுல. ஆமா, கோர்ட்டுலதான்! ஏன் அப்படிப் பாக்கறே? நான் ஒண்ணும் குத்தம் பண்ணிப்போட்டுப் போகலை. கேஸ் போட்டவளே நான்தான். ஊட்டியில கன்ஸ்யூமர் கோர்ட்டு இருக்குதல்ல, அங்க. இன்னைக்கு மேல உக்காந்திருந்த ஜட்ஜம்மா என்னையப் பாத்து, "நீங்களே சொல்லுங்கம்மா"ன்னாங்க. எங்க வக்கீல் எந்திரிக்கறதுக்குள்ள நான் எந்திரிச்சுட்டேன்.

நீ குன்னூருக்குத்தானே? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான், ஓட்டுப்பட்டறையில வீடு. இந்த பஸ்ஸு போற போக்குக்கு நெறைய நேரம் இருக்குது, சொல்றேன் கேளு. உனக்கும் உபயோகப்படும். நீங்கல்லாம் செல்லுலயே எல்லாத்தையும் வாங்கற ஆளுங்க.

என்ற பையன் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது. கேஸ் கீசரு. தெரியுமல்ல? குளியலறைச் செவுத்துல மாட்டிக்கலாம், சமையல் கேஸ்லயே எரியும், குழாயைத் திறந்தாச் சுடுதண்ணி. அதுவரைக்கும் நான் அண்டாவுல காய வெச்சுத் தூக்கிட்டுப் போயி ஊத்திக்கறவ. வர்ற மருமக மேகலா தாராபுரத்துக்காரி. வெயில்லயே வளந்த புள்ளை. இந்த மலைக் குளுருல வந்து நடுங்கப் போறாளேன்னு, நான்தான் பையங்கிட்டச் சொல்லி செல்லுல தேட வெச்சு வாங்கினேன். யாரு? நான். அவ அம்மா இல்லை. இதை ஏன் சொல்றேன்னா, இப்ப என்னைய என்னமோ கொடுமைக்காரின்னு அந்தப் பக்கம் பேசிட்டு இருக்கறாங்களாம்.

படம் போட்டிருந்தான் பாரு, பளபளன்னு. பொட்டிக்கு மேல வெள்ளி நிறத்துல ஒரு குழாய், வளைஞ்சு செவுத்துக்கு வெளியே போகுது. எரியற புகை வெளியே போறதுக்காம். 'புகைக்குழாயுடன்'னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான். வந்ததைப் பிரிச்சுப் பார்த்தாக் குழாயைக் காணோம். பொட்டி மட்டும்தான். போன் பண்ணினா முதல்ல பாட்டுப் போடறான். அப்புறம் ஒருத்தன் எடுத்து, "அது படத்துக்கு மட்டும்தாங்கம்மா"ங்கறான். படத்துக்கு மட்டும்! எனக்கு வந்துச்சு பாரு கோவம். படத்தைப் பாத்துத்தானே வாங்கறோம்? நான் என்ன இளிச்சவாயா?

என்ற வீட்டுக்காரர் உசுரோட இருந்தவரைக்கும் எல்லாத்துக்கும், "விட்டுத் தொலை ருக்மணி"ம்பாரு. ரேஷன் கடைக்காரன் எடையில அடிச்சாலும் விட்டுத் தொலை. பக்கத்து வீட்டுக்காரன் நம்ம வேலிக்குள்ள வந்தாலும் விட்டுத் தொலை. அப்படியே விட்டு விட்டு ஏமாந்தே போய்ச் சேந்தாரு. நான் அப்படி இல்லை. குழாயை அனுப்பினாச் சரி, இல்லைன்னா உன்னைய விடமாட்டேன்னு நேரா வக்கீல்கிட்டப் போனேன்.

வக்கீலு சின்னப் பையன்தான். ஆனா எழுத்து இருக்குதே, அடேயப்பா! "புகை வெளியேற வழியின்றி நச்சுவாயு தேங்குவதால், மனுதாரரின் குடும்பத்தாருடைய உயிருக்கே பேராபத்து விளையும்." எனக்கு மனப்பாடம். படிச்சுக் காட்டினப்ப எனக்கே ஒடம்பு சிலுத்துப்போச்சு. கேஸுன்னா அப்படித்தான் எழுதணும் அம்மிணி. வெறுமனே குழாய் வரலைன்னு எழுதினா எவன் மதிக்கறான்?

ஆபத்தா? அட நீ வேற. ஒரு ஆபத்தும் இல்லை. நானுந்தானே அதுல குளிக்கறேன். எனக்கு முட்டி வலி, உள்ளே வழுக்கி விழுந்தா யாரு வந்து தூக்கறது, அதனால நான் குளிக்கறப்பக் கதவைச் சாத்தறதே இல்லை. வீட்ல வேற யாரு இருக்கறாங்க? பையன் ஓசூர்ல கம்பெனி வேலை, மாசத்துக்கு ஒருக்கா வருவான், வந்தாலும் காக்காக் குளியல். அப்ப எனக்கு ஒண்ணும் ஆகலை, அவனுக்கும் ஒண்ணும் ஆகலை. இவளுக்கு மட்டும் எங்கிருந்து ஆகும்?

மேகலா அப்படி இல்லை. கதவைச் சாத்தித் தாப்பாப் போட்டுட்டுத்தான் குளிப்பா. வயசுப்புள்ளை, சரிதான், அதை நான் குத்தம் சொல்லலை. மேல ஒரு சின்ன வெண்டிலேட்டரு இருந்துச்சு. எங்க வீடு சரிவுல இருக்குது, பின்னாடி மேட்டுல பாதை போகுது. போறவன் வர்றவன் கண்ணு படக்கூடாதுன்னு, அவ வர்றதுக்கு முன்னாடியே நான்தான் தெர்மாக்கோல் வெட்டி வெச்சு டேப்பு ஒட்டி இறுக்கமா அடைச்சேன். குளுரும் வராதல்ல? மருமகளுக்குன்னு இவ்வளவு பாத்துப் பாத்துப் பண்ணினவ அம்மிணி நான்.

ஒண்ணு சொல்லிப்போட்டாரு வக்கீலு, முதல் நாளே. "அம்மா, பொருளு எப்படி வந்துதோ அப்படியே இருக்கணும். ஒண்ணையும் மாத்தாதீங்க. அதுதான் உங்களுக்குச் சாட்சி." நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இனி அது என்ற கீசரு இல்லை, கோர்ட்டுப் பொருளு. தொடச்சாக்கூட மெதுவாத்தான் தொடைப்பேன்.

அப்புறம் ஒரு வாய்தாவுல எதிர்க்கட்சி வக்கீல் எந்திரிச்சான். கோட்டும் அவனும்! "உபயோகிச்சுப் பாக்காமலேயே ஆபத்துன்னு எப்படிங்கம்மா சொல்றீங்க?"ன்னு நக்கலாக் கேக்கறான். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் மேகலாகிட்டச் சொல்லிப்போட்டேன். இனி ஒரு நாளும் விடாம அதுலதான் குளிக்கணும், ரெண்டு பேரும். நாளைக்கு எவனாவது வந்து கேட்டா, ஆமாங்க தினமும் உபயோகிக்கறோம்னு நெஞ்சை நிமித்திச் சொல்லணும்.

அவளுக்குத் தலைவலி. ஆரம்பத்துல இருந்தே. குளிச்சுட்டு வந்தா நெத்தியைப் புடிச்சுட்டு உக்காந்துக்குவா. "அத்தை, உள்ளே மூச்சு முட்டுதுங்க, கண்ணு இருட்டிட்டு வருதுங்க." அப்புறம் வாந்தி. எனக்கா தெரியாது? ரெண்டு பெத்தவ, ஒண்ணைப் பறிகொடுத்தவ. தலை சுத்தல், வாந்தி, சோறு இறங்காது, முகத்துல ஒரு செவப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கலை அம்மிணி! மாரியம்மன் கோயிலுக்கு அன்னைக்கே வேண்டிக்கிட்டேன். அவ என்னடான்னா, "அதெல்லாம் இல்லீங்கத்தை"ங்கறா. புள்ளை உண்டான்னு பாக்கற கிட்டு ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாத்தா, அதுவும் இல்லைன்னு காட்டுதாம். அந்தக் கிட்டும் செல்லுல வாங்கினதுதான். அதை எவன் நம்பறது? படத்துல ஒண்ணு, பொட்டிக்குள்ள ஒண்ணு. பட்ட எனக்குத் தெரியாதா?

அலுப்புக்குச் சுடுதண்ணி நல்லது, இன்னும் கொஞ்ச நேரம் நின்னு குளின்னேன். அன்னைக்குத்தான் உள்ளே விழுந்துபோட்டா. சத்தம் கேட்டு நான் கதவைத் தட்டினேன், அவளே எப்படியோ தாப்பாவைத் திறந்துட்டுத் தவழ்ந்து வெளியே வந்தா. கூட்டிட்டுப் போனப்ப டாக்டரு கேட்டாரு, "வீட்ல அடுப்புப் புகை, கேஸு எதாவது உண்டா?"ன்னு. நான் சொன்னேன், அடுப்பெல்லாம் எப்பவோ போச்சுங்க, எங்க வீட்ல எல்லாமே நவீனம்னு.

நீ ஏன் அம்மிணி வாயைப் பொத்திக்கறே? வாந்தி வருதா? வளைவுப் பாதை சில பேருக்கு ஒத்துக்காது. இந்தா, எலுமிச்சம்பழம் இருக்குது, மோந்துக்கோ.

கேளு, இனிமேத்தான் கூத்தே. கேஸ் நடக்கறப்பவே அந்தக் கடைக்காரன் கூரியர்ல ஒரு குழாயை அனுப்பிப்போட்டான். என்ன தந்திரம் பாரு! நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம். இந்த மேகலா கையெழுத்துப் போட்டு வாங்கினதும் இல்லாம, போன் போட்டு பிளம்பர் பஷீரையும் வரவழைச்சுட்டா. நான் உள்ளே வந்து பாக்கறேன், அவன் செவுத்துல ஓட்டை போட மிஷினோட நிக்கறான். எனக்கு ரத்தம் கொதிச்சுப்போச்சு. குழாயை மாட்டிட்டா கேஸே செத்துப்போகுமே! குழாய் வந்துருச்சு, மாட்டியாச்சு, அப்புறம் உங்களுக்கு என்னம்மா குறைன்னு ஒரே வார்த்தையில முடிச்சுப்போடுவானுக.

பஷீரு நல்ல பையன்தான், ஆனா அன்னைக்கு எனக்குப் பாடம் எடுக்கறான். "அம்மா, இது வெளியே போகாத புகை. வாசமே வராது, கண்ணுக்கும் தெரியாது. தூங்கற மாதிரியே ஆளைக் கொண்டுபோயிரும். ஒரு குழாய்தானேம்மா, மாட்டிக்கட்டுமா?"ங்கறான். நான் சொன்னேன், "டேய், அதையேதான்டா நாங்க கோர்ட்டுல சொல்லிட்டிருக்கறோம். எங்க கேஸை நீ எனக்கே சொல்றியா? மிஷினை எடுத்துட்டு நடையைக் கட்டு"ன்னேன். போறப்ப அவன் மேகலாவைப் பாத்து, "அக்கா, கதவைத் திறந்து வெச்சுக் குளிங்கக்கா"ன்னுட்டுப் போறான். வயசுப்புள்ளைகிட்டப் பேசற பேச்சா இது? நீயே சொல்லு.

குழாயை அதே அட்டைப்பொட்டியில போட்டு, அதே கூரியர்ல திருப்பி அனுப்பிட்டேன். வக்கீல்கிட்டக்கூடச் சொல்லலை. சின்னப் பையன், பயந்துக்குவான்.

அன்னைக்கு ராத்திரி மேகலா சாப்பிடலை. "அத்தை, உங்களுக்குக் கேஸு பெருசா, நான் பெருசா?"ன்னு கேட்டா. எனக்கு அழுகையே வந்துருச்சு அம்மிணி. யாருக்காகடி கேஸு? உனக்குன்னு வாங்கின பொருளுக்குத்தானேடி இந்த வயசுல கோர்ட்டுப் படி ஏறி இறங்கறேன்? சொன்னேன். அவ அதுக்கப்புறம் எனக்குத் தெரியாம சமையலறையில அண்டாவுல தண்ணி காய வெச்சுக் குளிச்சிருக்கறா. வாரக்கணக்கா! நான் அண்டாவை எடுத்துப் பரண்ல ஏத்திட்டேன். அவ அம்மா போன்ல, "சம்பந்தி, புள்ளையைக் கொஞ்ச நாளைக்கு அனுப்பி வைங்க"ன்னு கேக்குது. கேஸ் முடியட்டுங்க, அனுப்பறேன்னேன். இவளும் சாட்சியல்ல?

சாட்சின்னதும் இன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். எதிர்க்கட்சி வக்கீல் கேக்கறான், "உங்க வீட்ல யாருக்காவது எதாவது ஆச்சுங்களா?" எங்க வக்கீல் முழிக்கறாரு. நான் எந்திரிச்சேன். "ஆச்சுங்க! என்ற மருமகளுக்குத் தினமும் தலைவலி, வாந்தி. போன மாசம் உள்ளேயே மயக்கம் போட்டு விழுந்துட்டா. எல்லாம் இவன் குழாய் அனுப்பாத பாவம்"னு போட்டேன் பாரு ஒரு போடு! அவன் அப்படியே உக்காந்துட்டான்.

பொய்யா? பொய்யில்லை. மயக்கம் வந்தது நெஜம்தானே. அது புள்ளைத்தாச்சி மயக்கம்னு எனக்குத் தெரியும், அவங்களுக்கு எதுக்கு? கோர்ட்டுல சொல்றது வேற, வீட்ல நடக்கறது வேற.

அந்த ஜட்ஜம்மாவுக்கு முகமே மாறிப்போச்சு. உடனே உத்தரவு போட்டாங்க. செவ்வாய்க்கிழமை அரசாங்க இன்ஜினியர் நேர்ல வந்து பாக்கணும், அதுவரைக்கும் பொருளு இருக்கற இடத்துல அப்படியே இருக்கணும். அதை உபயோகிக்க வேண்டாம்னும் என்னமோ சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. அது எல்லா கேஸுக்கும் வழக்கமாச் சொல்றதுதான். எனக்குக் காதுல விழுந்தது ஒண்ணே ஒண்ணு, அப்படியே இருக்கணும். ஜெயிச்ச மாதிரிதான் அம்மிணி!

இதைச் சொல்லலாம்னு ஊட்டி பஸ் ஸ்டாண்டுல இருந்து மேகலாவுக்குப் போன் அடிச்சேன். எடுக்கலை. குளிச்சிட்டிருப்பா. இன்னைக்கு வெள்ளிக்கிழமையல்ல? காலையில நான் கிளம்பறப்பவே எண்ணெயை அவ தலையில நானே வெச்சுவிட்டுட்டு வந்தேன். ஊறட்டும், நிதானமாத் தலைக்கு ஊத்திக்கோ, அவசரப்படாதேன்னு. "கொஞ்சமா ஊத்திக்கறேங்கத்தை"ன்னா. எண்ணெய் கொஞ்சத்துல போகுமா? சீயக்காய் போட்டு அலசணுமல்ல?

எப்பவா? நான் பஸ் ஏறினப்ப அடிச்சேன், அப்புறம் லவ்டேல்கிட்ட அடிச்சேன். ரெண்டு தடவையும் எடுக்கலை. திமிரு, வேறென்ன. இல்லை அம்மிணி, இவ்வளவு நேரமா குளிப்பான்னு கேட்டா, எண்ணெய்க் குளியல்னா நேரம் ஆகத்தானே செய்யும்.

நீ ஏன் இப்படிப் பரபரங்கறே? பக்கத்து வீடா? ஸ்டெல்லா இருக்கறா. இப்பவே எதுக்கு? இந்த வண்டி கேத்தி தாண்டிருச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல நானே போயிரப்போறேன். சரி சரி, கையைப் புடிக்காதே, அடிக்கறேன். உனக்காகத்தான் அடிக்கறேன். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன்.

ஸ்டெல்லா, நான் ருக்மணியக்கா பேசறேன். எங்க வீட்ல மேகலா போனை எடுக்க மாட்டேங்கறா, ஒரு எட்டுப் போயிப் பாரு சாமி. சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கும். போனை வெச்சுறாதே, அப்படியே கையில வெச்சுட்டுப் போ.

போறா. நல்ல பொண்ணு. பாரு, செருப்புச் சத்தம் கேக்குது.

என்ன? தண்ணி ஓடற சத்தம் கேக்குதா? அப்பக் குளிச்சிட்டுத்தான் இருக்கறா. நான் சொல்லலை? கேட்டுக்கோ அம்மிணி, நீதான் அனாவசியமாப் பயந்துட்டே. என்ன ஸ்டெல்லா? கூப்பிட்டாப் பேசலையா? சத்தமாத் தட்டு. கோவத்துல இருப்பா, பேச மாட்டா. காலையில அண்டாவைக் கேட்டா, நான் தரலை, அந்தக் கோவம். மேகலா! ஏய் மேகலா! அத்தை பேசறேன், கதவைத் திற!

கதவுக்குக் கீழே தண்ணி வெளியே வருதா? எண்ணெய்த் தண்ணியா?

உடைக்கவா? இரு இரு இரு! ஸ்டெல்லா, உடைக்காதே! அந்தக் கதவை ஒட்டித்தான் செவுத்துல கீசர் மாட்டியிருக்குது. உடைச்சா அது மேலதான் போயி அடிக்கும். செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் வர்றாரு. அப்படியே இருக்கணும்னு கோர்ட்டு உத்தரவு. நான் வந்துர்றேன், நான் வந்து கூப்பிட்டாத் திறந்துருவா, எனக்குத் தெரியும் அவளை. கொஞ்ச நேரம் பொறு, நான் அருவங்காடு வந்துட்டேன்னு வெச்சுக்கோ...

ஏய்! என்ற போனை எதுக்குப் புடுங்கறே? குடு! யாரைக் கேட்டு உடைக்கச் சொல்றே? சிலிண்டரை மூடச் சொல்றதுக்கு நீ யாரு? உனக்கும் என்ற வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? கண்டக்டர், இந்தப் பொண்ணைப் பாருங்க, என்ற போனைப் புடுங்கிட்டா! கோர்ட்டுப் பொருளு கண்ணு அது, உனக்குப் புரியலை. எத்தனை நாள் காபந்து பண்ணி வெச்சிருக்கறேன். செவ்வாய்க்கிழமை நான் என்னத்தைக் காட்டுவேன்?

என்ன சத்தம் அது? உடைச்சுப்போட்டாளா? ஸ்டெல்லா என்ன கத்தறா?

ஏன் ஸ்பீக்கரை அமத்தினே? எனக்குக் கேக்கலை. என்ன சொல்றா? கீசர் விழுந்துபோச்சாமா? அதுதானே? அதுக்குத்தானே இந்தக் கத்து கத்தறா?

ஏன் அழுவறே? சொல்லு கண்ணு. விழுந்தா விழட்டும். சுக்குநூறா உடைஞ்சாலும் பரவாயில்லை, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கேஸு போனாப் போகட்டும். கீசருதான் விழுந்துதுன்னு உன்ற வாயால ஒரு வார்த்தை சொல்லு.